வழி கேட்காமல் போனவள்

வியாபாரப் பயிற்சி வகுப்பில் மேடம் கேட்ட முதல் கேள்வியே என்னைக் கவிழ்த்துவிட்டது.

"முப்பது பேர் ஒரே வரிசையில உக்காந்து ஒரே கிழங்க வித்தா, வர்றவன் உங்ககிட்ட ஏன் வாங்கணும்?"

கானா நாட்டில் டெச்சிமான் சந்தையில் பதினோரு வருஷம் வள்ளிக்கிழங்கு விற்றவள் நான். அதுவரை இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பக்கத்துக் கடைக்காரி மானு என் விலாவில் இடித்தாள். "செர்வா, உன் வாய்க்குப் பயந்துதான்டி வாங்குறான்." எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்றே மாதத்தில் குமாசி நெடுஞ்சாலைத் திருப்பத்தில் தனிக்கடை போட்டேன். மேடம் கேட்டது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். காரில் வருகிறவர்கள் பேரம் பேசுவதில்லை. இரண்டாம் வருஷமே சொந்தமாக மூன்று சக்கர வண்டி வாங்கினேன். தப்பு நடந்தது கிளம்பிய விதத்தில்.

எங்கள் வரிசையை விட்டுப் போகிறவள், வரிசைக்குத் தலைவியான கிழங்கு ராணியின் முன்னால் ஒரு புட்டி ஜின் வைத்து, "எனக்கு வழி கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். ராணி அதில் கொஞ்சம் தரையில் ஊற்றி, மிச்சத்தை வரிசைக்கே பகிர்ந்து, அவளை அனுப்பி வைப்பாள். அப்படிப் போனவள் எங்கே போனாலும் வரிசைக்காரிதான். எனக்கோ அந்த வாரம்தான் வீண்செலவைக் குறைப்பது எப்படி என்று பாடம் நடந்திருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போவதற்கு என்ன பெரிய விடைபெறுதல் என்று நினைத்தேன். என் இடத்தில் தங்கை அஜேவாவை உட்கார வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டேன்.

கடையில் நான் ஒருத்திதான். ஒன்றுக்குப் போவதென்றாலும் கதவைப் பூட்டிக்கொண்டு போக வேண்டும். வரிசையில் என்றால் "பாத்துக்கடி" என்ற ஒரு சொல் போதும். திரும்பி வருவதற்குள் மானு என் கிழங்கில் நாலை விற்று வைத்திருப்பாள், அதுவும் நான் சொல்லும் விலையைவிடக் கூடுதலாக. இங்கே வருகிறவர்கள் இஞ்சினைக்கூட அணைப்பதில்லை. சில நாள் அழுகை வரும். கணவர் இறந்து ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்ததில் தேவாலயமும் விட்டுப்போயிருந்தது. வியாபாரம் நன்றாக நடக்கிறவள் யாரிடம் போய் அழுவது?

நாலாம் வருஷ மழைக்காலத்தில் அம்மா செத்துப்போனாள். துக்க நாளன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் ஆட்கள் கூட்டமாக வருவார்கள். மேசையில் மொய் எழுதி, வந்தவர்கள் பெயரை மைக்கில் சொல்வார்கள். ஆள் வராத பிள்ளையை ஊர் திரும்பித் திரும்பிப் பார்க்கும். என் வரிசை எனக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

"வரிசை முழுக்க வருதுக்கா" என்றாள் அஜேவா. "துக்கத்துக்கு ஒரே மாதிரி சிவப்புத் துணி எடுத்துட்டாங்க."

"எனக்காகவும்தானே?"

"அவங்க எனக்காக வர்றாங்கக்கா."

"செத்தது நம்ம ரெண்டு பேருக்கும் அம்மாடி."

அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நல்ல ஜின்னாகப் பார்த்து வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ராணி நானா டுஃபியின் முன்னால் புட்டியை வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"நாலு வருஷம் கழிச்சு வழி கேக்குறியா?"

"தப்புதான் ராணியம்மா."

"தப்புன்னா மன்னிச்சிருவேன். ஆனா இது வழி கேக்குற புட்டி இல்லம்மா. சாவு வீட்டுக்கு ஆள் கேக்குற புட்டி. அத வாங்குற வழக்கம் நம்மகிட்ட இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். மானு கிழங்கை அடுக்குவது போலக் குனிந்துகொண்டாள்.

துக்க நாளான சனிக்கிழமை லாரியில் முப்பது பேரும் சிவப்பில் வந்து இறங்கினார்கள். வழக்கப்படி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வீட்டார் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். மானு என் கையைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தாள்.

"அம்மா நல்லவங்க" என்றாள்.

இங்கேயே உட்காருடி என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் அடுத்த கைக்குப் போய்விட்டாள். எல்லாரும் அஜேவாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் மானுவின் மடியில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அம்மாவின் துக்க நாளில் தங்கையின் அழுகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

"அஜேவாவோட ஆளுங்க" என்று மைக் பிடித்தவர் அறிவித்தார். முப்பது பேரும் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். "அடுத்து மூத்த மக செர்வாவோட ஆளுங்க, மேசைக்கு வாங்க."

யாரும் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். ஊர் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது நான் எழுந்து போய், மொய்ப்பணம் போட்ட ஒரு உறையை மேசையில் வைத்தேன்.

மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "யார் சார்பா எழுதணும்மா?"

என் கடையின் பெயரைச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

"செர்வா கிழங்கு மண்டி" என்று மைக்கில் படித்தார். "செர்வாவோட துக்கத்துல கலந்துக்க வந்திருக்காங்க. எழுந்து நில்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.