படுத்தே கிடப்பவன் படம்

தம்பியைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்றுதான் ஆசீர்வாதம் அவனைப் படத்துக்கு இழுத்து வந்தான். திருவொற்றியூரில் மூட்டை சுமப்பவர்கள் சங்கக் கட்டடத்து மாடியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இலவசப் படம். சண்டையும் பாட்டும் இருக்கும் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். என்ன படம் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

தம்பி யேசுதாஸ் இரண்டு மாதமாகப் பாயை விட்டு எழவில்லை. காய்ச்சல் இல்லை, குடி இல்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தான். கிடங்கில் மூட்டை சுமப்பது ஜோடி வேலை. ஒருவன் தூக்கிவிட வேண்டும், ஒருவன் முதுகில் வாங்க வேண்டும். ஜோடி இல்லாதவனுக்கு வேலை முறை கிடையாது. பதினோரு வருஷமாக அண்ணனும் தம்பியும்தான் ஜோடி. இத்தனை நாள் யார் யாரோடோ ஒட்டிக்கொண்டு ஓட்டியாயிற்று. திங்கட்கிழமை யேசுதாஸ் வராவிட்டால் இரண்டு பேர் இடத்துக்கும் வேறு ஆள் என்று மேஸ்திரி கிருஷ்ணப்பன் சொல்லிவிட்டார். படத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆசீர்வாதம் ஒரு வாளித் தண்ணீரைத் தம்பியின் மேல் கொட்டியும் பார்த்தான். நனைந்தபடியே கிடந்தான் அவன். சாயங்காலம் தூக்கி நிறுத்தித்தான் படத்துக்கு நடத்தி வர வேண்டியிருந்தது.

படம் ஆரம்பித்தது. இருட்டறை. ஒருவன் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னாபா, படம் நின்னுபோச்சா? பொட்டிய ரெண்டு தட்டு தட்டு," என்றார் முன்வரிசையில் இருந்த கிருஷ்ணப்பன்.

"ஓடிட்டுதான் சார் இருக்கு," என்றார் படத்தை எடுத்த தாடிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

திரையில் குழாய் சொட்டியது. தட்டில் சோறு காய்ந்தது. ஆசீர்வாதத்துக்கு ரத்தம் கொதித்தது. அந்தச் சோற்றை வைத்தது யார்? இவன் வேலையையும் சேர்த்து எவன் முதுகு சுமக்கிறது? அதை ஒரு தடவை காட்டினால் குறைந்தா போய்விடும்?

"எய்ந்திரு. வூட்ல பாக்கறத இங்க வந்து வேற பாக்கணுமா," என்று தம்பியின் கையைப் பிடித்து இழுத்தான்.

"இருண்ணா." யேசுதாஸின் கண் திரையை விட்டு நகரவில்லை. அங்கே அந்த ஆள் அழ ஆரம்பித்திருந்தான். "அந்தாளுக்கு அழுகயாவது வருது. எனக்கு அதுகூட வர்ல. காலைல தண்ணி ஊத்துனியே, குளுருனதே தெரிலண்ணா."

"வலிக்குதுன்னு சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னாடா?"

"எங்கன்னு கேப்ப."

ஆசீர்வாதத்தின் கோபம் போகவில்லை. தம்பி மேல் இருந்தது இறங்கி, வேறு ஆள் தேடியது. கிருஷ்ணப்பன் அந்த நேரம் பார்த்துத் திரும்பினார்.

"இன்னா ஆசீர்வாதம், தம்பிக்கு டிரெய்னிங்கா? நாளைக்கி வருவானா, இல்ல ஹீரோ கணக்கா படுத்துக்குவானா?"

"வர மாட்டான். நானும் வர்ல. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எடம் பூடும்பா."

"போட்டும். இன்னொரு தபா அவனப் பாத்து சிரிச்ச, சேரோட தூக்கிக் கடாசிருவேன் மேஸ்திரி."

கிருஷ்ணப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாடிக்காரர் ஓடி வந்தார். "கொஞ்சம் மெதுவா சார். படம் போகுது."

"போவுது, போவுது. ஒரு மணி நேரமா அந்தாள படுக்கவெச்சே காட்டிக்கினு கீற. எந்த டாக்டராண்ட இட்டுனு போணும்னு ஒரு எடத்துல காட்டுனியா நீ?"

"படம் முடிஞ்சதும் சொல்றேன் சார்."

"இப்பவே சொல்லு," என்றான் ஆசீர்வாதம்.