உமிப் புகையும் வெள்ளை அங்கியும்

மே மாதத் திருச்சியில் வெந்நீரில் குளிக்கிற ஆளை என்னவென்று சொல்வது? அக்னஸ் அவரைப் பெரிய மனுஷர் என்றுதான் சொல்வாள். சொல்லும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

பாலக்கரையில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இருதயநாதன், ரிட்டையரான தலைமைக் குமாஸ்தா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஒரு செம்பு பாய்லர் வாங்கிக் கொல்லையில் வைத்தார். வெளியே புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். உள்ளே போடுவதற்குக் கரி வாங்க மட்டும் மனசு வராது. மச்சான் மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் இருந்ததால் ஓசி உமி மூட்டை மூட்டையாக வந்தது. பற்றவைக்க ஒரு துண்டு சைக்கிள் டயர். புகைக்குழாய் நேரே போனால் தன் வீட்டு வெள்ளைச் சுவரில் கரி படியுமே. அதனால் அதை வளைத்து, மதிலுக்கு மேலே அக்னஸின் கொல்லையைப் பார்த்துத் திருப்பிவிட்டிருந்தார். அந்த அளவுக்கு அவருக்கு மூளை உண்டு.

அக்னஸ் விதவை. கோயிலின் பீடத்துணிகளையும் அங்கிகளையும் வெளுத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பதில்தான் அவளுக்குச் சோறு. விடிந்ததும் கொடியில் போட்டால் ஏழு மணிக்கெல்லாம் துணியில் மிளகுத்தூள் மாதிரி கரி விழுந்திருக்கும். மறுபடி தோய்ப்பாள், மறுபடி விழும்.

ஒரு நாள் மதிலருகே நின்று கேட்டாள். "சார், அந்தக் குழாயைக் கொஞ்சம் திருப்பி வைங்க. துணியெல்லாம் பாழாப் போகுது."

"என் பாய்லர்ல புகையே வராதும்மா. நீ தோய்க்கிற லட்சணம் அப்படி" என்றார் அவர். அவர் தலைக்கு மேலேயே குழாய் கருப்பாகக் கக்கிக்கொண்டிருந்தது.

அதோடு விட்டாரா? கோயில் கமிட்டியில் எழுந்து நின்று, அவள் வெளுப்பில் சுத்தமில்லை, வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றார். பங்குச் சாமியார் அமிர்தராஜ் யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். "நற்கருணை சுற்றுப்பிரகாரம் வருது. இந்தத் தடவை பார்ப்போம். சரியில்லேன்னா மாத்திடலாம்" என்று முடித்துவிட்டார். கேள்விப்பட்ட அக்னஸ், உமியில் காசு மிச்சம் பிடிக்கிற ஆள் தன் சோற்றில் கை வைக்கிறாரே என்று இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் துணியை ஊறப்போட்டாள்.

சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் மெழுகுவர்த்தியோடு நடக்கும் சபைக்காரர்களின் அங்கிகள் பன்னிரண்டு; இருதயநாதனும் சபைக்காரர்தான். வீட்டுக்குள் கயிறு கட்டி, ஜன்னலைச் சாத்தி, பீடத்துணிகளையும் பதினோரு அங்கிகளையும் உள்ளேயே காயவைத்தாள். கழுத்துப் பட்டியில் சிவப்பு நூலால் 'இ.நா.' என்று தைத்திருந்த ஒன்றை மட்டும் கொல்லைக் கொடியில், எப்போதும் போடுகிற இடத்தில் போட்டாள். திருநாளுக்கு முந்தின நாள் என்று மச்சானும் வந்திருந்தான். பாய்லர் இரண்டு தடவை எரிந்தது.

மறுநாள் கோயில் உடுப்பறையில் இருதயநாதன் தன் அங்கியை விரித்துப் பிடித்தார். "சாமி, பாத்தீங்களா இவ வேலையை."

சாமியார் மற்றவர்களைப் பார்த்தார். "மத்ததெல்லாம் பால் மாதிரி இருக்கே."

"ஒரே சவுக்காரம், ஒரே கஞ்சிதான் சாமி" என்றாள் அக்னஸ். "அதெல்லாம் வீட்டுக்குள்ள காஞ்சுது. சாருது மட்டும் அவர் குழாய்க்கு நேரா காஞ்சுது. புகையே வராதுன்னு அவரே சொன்னாரே, அதான் தைரியமாப் போட்டேன்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மணி அடித்துவிட்டது. அங்கியை வேண்டாம் என்றால் புகையை ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டு, கையில் மெழுகுவர்த்தியோடு, புள்ளி புள்ளியாகப் பாலக்கரை முழுக்க நடந்தார் அந்தப் பெரிய மனுஷர்.

திங்கட்கிழமை சாமியார் அடுத்த மூட்டைத் துணியை அவளுக்கே அனுப்பினார். அன்றைக்கே குழாயும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. குளியல் மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவர் எதுவரை கருத்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அக்னஸ் தினமும் கொடியில் துணி போட்டாள்.