ஒரே வீட்டில் இரண்டு விண்ணப்பங்கள்

1

இந்தக் கதை எனக்கு மருத்துவமனையின் வாகன நிறுத்தத்தில் கிடைத்தது. ஜனவரி மாதம். காருக்குள் ஹீட்டர் சூடேறட்டும் என்று கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு நானும் ரோண்டாவும் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நாளாக ஒரு வரியும் எழுதவில்லையே என்ற அலுப்பு எனக்கு. உன்னையும் உன் மகளையும் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எந்த பாஷைல?"

"தமிழ்ல."

"யாரு படிப்பா?"

"ஒரு முந்நூறு பேரு படிச்சா அதிகம்."

"அதுல யாராச்சும் மெடிக்கல் காலேஜ்ல ஆள் எடுக்குற கமிட்டில இருக்காங்களா?"

"இருக்க மாட்டாங்க."

"அப்ப என்ன வேணா எழுதிக்கோ."

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரோண்டாவுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்ததில், அவள் வாயைத் திறந்தாலே எனக்கு இப்படித்தான் கேட்கிறது. இதைவிட நம்பகமாக எழுத எனக்கு வேறு வழி இல்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஹிப்பிங் நகரில் அந்த ஆண்டு அக்டோபரிலேயே பனி". அதோடு நிறுத்திவிட்டேன். பனியில் தொடங்கினால் வெயிலில் உட்கார்ந்து படிப்பவர்கள் அழகு என்று நினைத்துவிடுகிறார்கள். எங்களுக்கு அது வாசலிலிருந்து வாரித் தள்ள வேண்டிய வேலை.

இரண்டாவது: "காத்திருத்தல் என்பது". இதையும் விட்டுவிட்டேன். என்பது, என்பது என்று நானும் நிறைய எழுதிக் களைத்துப்போனவள்.

ஆகையால் நேராகச் சொல்கிறேன். ரோண்டா ஹெய்க்கினெனுக்கு நாற்பத்தைந்து வயது. எங்கள் மருத்துவமனையில் மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கு ஆக்ஸிஜன் வைப்பது, வென்டிலேட்டரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நான் அதே கட்டடத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ஒரே காரில் போய் வருவோம். அவள் மகள் அன்னிகாவுக்கு இருபத்துநான்கு; ஒரு கிளினிக்கில் டாக்டர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுக்கிற வேலை. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அன்னிகாவின் அப்பா இரும்புச் சுரங்கத்தில் இருந்தவர், பிறகு மேற்கே எங்கோ போய்விட்டார். இந்தக் கதைக்கு அவர் தேவையில்லை.

அம்மாவும் மகளும் ஒரே ஜூனில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தார்கள். அன்னிகாவுக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஒரு கல்லூரிகூடக் கூப்பிடவில்லை. ரோண்டா, கொள்ளைநோய்க் காலம் முடிந்த கையோடு, பாதியில் விட்ட பட்டப்படிப்பை வேலைக்குப் போய்க்கொண்டே முடித்தவள். அவளைத் தள்ளிவிட்டதே மகள்தான்.

"நீயும் போடேன்மா. என் கட்டுரைய நீ திருத்து, உன்னுத நான் திருத்துறேன்."

இங்கே மதிப்பெண் மட்டும் போதாது. பக்கம் பக்கமாக உன்னைப் பற்றி எழுதச் சொல்வார்கள். எழுதியது பிடித்தால் நேர்காணலுக்கு அழைப்பார்கள். அழைப்பு இல்லையென்றால் இடம் இல்லை. அழைக்கப்போவதில்லை என்பதையும் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். செப்டம்பரிலிருந்து மார்ச்வரை தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

3

அந்த இலையுதிர் காலத்தில் அவர்கள் வீட்டு மேசையில் நான் பல தடவை சாப்பிட்டிருக்கிறேன். தொலைபேசி இரண்டையும் ரொட்டிக் கூடையில் போட்டு மூடிவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும் என்பது அன்னிகா போட்ட சட்டம். கூடை அதிரும். மூன்று பேரும் அதைப் பார்க்காமல் மெல்லுவோம்.

"பல் டாக்டரு," என்பாள் ரோண்டா.

"செருப்புக் கடை," என்பாள் அன்னிகா. "பாதி விலையாம்."

சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் பெரும்பாலும் செருப்புக் கடைதான்.

[இந்த இடத்தில் அன்னிகாவைக் கொஞ்சம் பொறாமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு ஒரு வேகம் கிடைக்கும் என்ற ஆசை. நிற்கவில்லை. இணையத்தில் தனக்கு அழைப்பு வந்ததென்று எவனாவது பீற்றிக்கொண்டால் அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். திட்டிவிட்டு அவனுக்கு வாழ்த்தும் போடுவாள். அப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?]

4

அக்டோபரில் ஒரு மாலை, காரைக் கிளப்பப்போன ரோண்டா தொலைபேசியைப் பார்த்தாள். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"கூப்டிருக்காங்க. இன்டர்வியூக்கு."

நான் கத்திவிட்டேன். அவள் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாத. எந்த காலேஜுன்னு கேளு மொதல்ல."

கேட்கவே வேண்டாம், முகத்தில் தெரிந்தது. எங்கள் மாநிலக் கல்லூரி. அன்னிகா உயிரை விடுகிற கல்லூரி. ஒரு கோடை முழுக்க அங்கே ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவியவள் அவள். எந்த மாடியில் எந்தக் குழாய் ஒழுகும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

"இது அவளுக்கு வந்திருக்கணும்," என்றாள் ரோண்டா.

"ஆள் மாறியெல்லாம் வராது."

"தெரியும்டீ. ஆனா ரெண்டு பேரும் ஒரே அட்ரஸ். நான் வேணாம்னு எழுதிட்டா, ஒருவேளை அவளுக்கு..."

"அவங்க என்ன மான் சுடவா லைசென்ஸ் குடுக்குறாங்க, வீட்டுக்கு ஒண்ணுன்னு?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போகிறவரைக்கும் அப்படியே இருந்தாள். பிறகு, "அவகிட்ட சொல்லிராத. அவளுக்கு ஒண்ணு வரட்டும், நானே சொல்றேன்," என்றாள்.

அவளுக்கு வரவில்லை. ரோண்டா ஹாட்டிஷ் செய்தாள் (இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி அவனில் வேகவைப்பது), பரிமாறினாள், "எனக்கும் ஒண்ணும் வரலடி, சேந்தே அழுவோம்" என்றாள். நான் குனிந்து உருளைக்கிழங்கைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

5

நேர்காணல் இப்போதெல்லாம் கணினித் திரையில்தான். நவம்பர் மாதம், என் வீட்டு முன்னறையில் என்று முடிவாயிற்று. அன்னிகா கிளினிக்குக்குப் போன பிறகு ரோண்டா கொல்லைப்புறமாக வந்தாள். மேலே நீலக் கோட்டு, கீழே பைஜாமா. நான் சமையலறையில் நாயின் வாயை அடைக்கக் கரண்டியில் வேர்க்கடலை வெண்ணெயோடு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பனி கொட்டித் தீர்த்ததில் கிளினிக்கைப் பாதி நாளில் மூடிவிட்டார்கள். இதை நான் கற்பனை செய்திருந்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், மூடிவிட்டார்கள், அவ்வளவுதான். என் தோள்பட்டை சரியில்லை என்பதால் என் வாசல் பனியை வாரிவிட வந்த அன்னிகா, பக்கக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். நான் உதட்டில் விரல் வைத்தேன். அவளுக்கு அம்மாவின் குரல் கேட்டுவிட்டது.

"எங்க அம்மா வேலைக்குல்ல போயிருக்கு?"

முன்னறையில் யாரோ ரோண்டாவைக் கேட்டார்கள்: இத்தனை வருடம் கழித்து ஏன்?

இந்தப் பதிலை மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் பிரதியில் ரோண்டா, கொள்ளைநோயின்போது கடைசி மூச்சுவரை கையைப் பிடித்திருந்து அனுப்பிவைத்த நோயாளிகளைப் பற்றிப் பேசுகிறாள். அழகாக வந்திருக்கிறது, அவள் பேசவில்லை. இரண்டாம் பிரதியில், கைக்குழந்தை இருந்ததால் படிப்பை விட வேண்டியதாயிற்று என்கிறாள். ஊருக்கே தெரிந்த பதில் அது. அன்னிகா அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஒரு பூட்ஸைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமல் நின்றாள்.

ரோண்டா சொன்னது இது:

"பயம். கெமிஸ்ட்ரில ஃபெயிலானேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. கொழந்தையால படிக்க முடியலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன், கேக்குறவங்களும் தலையாட்டுவாங்க. அவ எனக்கு ஒருநாளும் எடஞ்சலா இருந்ததில்ல. இந்த என்ட்ரன்ஸ் பரீட்சைக்கு எனக்கு ஃபிசிக்ஸ் சொல்லிக்குடுத்தவளே அவதான்."

அன்னிகா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாய் போய் அவள் மடியில் தலையை வைத்தது. அவள் அழுதாள் என்று எழுத

இல்லை, அழவில்லை. என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, மீதி வெண்ணெயை நாய்க்கு ஊட்டினாள்.

6

நேர்காணல் முடிந்து சமையலறைக்கு வந்த ரோண்டா மகளைப் பார்த்ததும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப வந்துச்சு அழைப்பு?"

"அக்டோபர்ல."

"மா! நான் உனக்காகப் பரிதாபப்பட்டேன்மா. வயசப் பாத்து ஒதுக்குறாங்கன்னு அந்தக் காலேஜுக்கே மெயில் அடிக்கப் போனேன்."

"அய்யய்யோ. அடிச்சியா?"

"பாதி அடிச்சேன். பேச்ச மாத்தாத. கெட்ட சேதி சொல்றதுக்கு முன்னாடி பேஷன்ட்கிட்ட ஒரு மூஞ்சி வச்சுப்பியே, அதே மூஞ்சியோட இத்தன நாளா எனக்குச் சோறு போட்டிருக்க."

"பயமா இருந்துச்சுடி."

"எதுக்கு? நான் சண்ட போடுவேன்னா?"

"நீ சந்தோஷப்படுவேன்னு. கட்டிப்பிடிச்சு, கூத்தடிச்சு, எல்லாம் பண்ணிருப்ப. அப்புறம் உன் ரூமுக்குப் போயிக் கதவச் சாத்திருப்ப. அந்தச் சத்தத்தக் கேக்க என்னால ஆகாது."

அன்னிகா கொஞ்ச நேரம் நாயைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சாத்திருப்பேன்தான்," என்றாள். பிறகு, "காலரு ஒரு பக்கம் உள்ள மடிஞ்சிருக்கு. இப்படியேவா அவங்க முன்னாடி உக்காந்திருந்த?"

ரோண்டா காலரைத் தடவிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்து ஒரு பத்தி எழுதினேன். நீக்கிவிட்டேன். அன்னிகா பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய் என் வாசலை வாரினாள். தங்கள் வாசலை வாரினாள். எதிர்வீட்டு பெட்ரிச் வேண்டாம் வேண்டாம் என்று சன்னலிலிருந்து கையாட்ட ஆட்ட அவர் வாசலையும் வாரினாள். கோட்டும் பைஜாமாவுமாக ரோண்டா என் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி கொடுத்தேன். குடிக்காமல் ஆறவிட்டாள்.

7

ஜனவரி கடைசியில் ரோண்டாவுக்கு இடம் கிடைத்தது.

அவள் பதில் போடவில்லை. அன்றும் மறுநாளும் போடவில்லை. அவளுக்கு ஆர்வமெல்லாம் ஓய்ந்துவிட்டது போலிருந்தது. பதவி உயர்வு வேறு வரப்போகிறது, இந்த வயதில் வேறு ஊருக்குப் போய் இருபது வயதுப் பிள்ளைகளோடு சடலத்தை அறுத்துக்கொண்டு... என்று காரில் இழுத்தாள். நானும் அலுத்துப்போய், "ஒன்னோட இஷ்டம்" என்றேன். அன்று மாலை அன்னிகாவே என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். 'சேர்கிறேன்' என்ற பொத்தான் தெரிந்த கணினியை அம்மாவின் முன்னால் நகர்த்தினாள்.

"அமுக்கு."

"உனக்கு வரட்டும்டி."

"எனக்கு வரும், வராமப்போகும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீ வேணாம்னு சொல்லிட்டு ஆயுசுக்கும் இந்தச் சேர்லயே உக்காந்துட்டு, 'மகளுக்காக விட்டேன்'னு எல்லார்கிட்டயும் சொல்லுவ. ஒருவாட்டி சொன்னது போதும்மா."

ரோண்டா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அமுக்கினாள்.

அன்னிகா அம்மாவைக் கட்டிப்பிடித்தாள், உண்மையிலேயே கூத்தடித்தாள், என் தோள்பட்டையையும் விட்டுவைக்கவில்லை. பிறகு தன் அறைக்குப் போனாள். ரோண்டா மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பலமாக இல்லை, எல்லாரும் சாத்துகிற மாதிரிதான். ரோண்டா எழுந்து தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். நான் துடைத்து அடுக்கினேன்.

8

இதை எழுதுகிற இன்று மார்ச் மாதம். ரோண்டா ஆகஸ்டில் போகிறாள். அன்னிகாவுக்கு இன்னும் நான்கு கல்லூரிகள் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதத்தோடு அவர்களும் நேர்காணலை முடித்துவிடுவார்கள்.

கதையை எப்படி முடிக்கட்டும் என்று இருவரையுமே கேட்டேன்.

"எனக்கு ஒரு அழைப்பக் குடுத்துடு. கதையிலயாச்சும் வாங்கிக்கறேன்," என்றாள் அன்னிகா.

"குடுக்காத," என்றாள் ரோண்டா. "பொய்யா ஒண்ணு குடுத்தா நெசமா வர்றது வராமப் போயிரும்."

"அப்ப வரலன்னு எழுதச் சொல்றியா?"

"அதயும் எழுதக் கூடாது!"

இரண்டு பேருக்கும் நான் வேண்டியவள். களைப்பாகவும் இருக்கிறது. நல்லவேளை, தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் வந்ததா வரவில்லையா என்று சொல்லாமல் வாக்கியத்தை நடத்திக்கொண்டே போகலாம். "ஓர் அழைப்பும்" என்று எழுதினால் அந்த "உம்" காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே அதையும் தவிர்த்திருக்கிறேன். கடைசிச் சொல்லை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். போடுவதற்குமுன், அடுத்த அறையில் கையைத் துடைத்தபடி ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்னிகாவுக்கு அந்த மார்ச் மாதக் கடைசியில், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு பகலில், அவள் ஆசைப்பட்ட கல்லூரி இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து, அழைப்பு