கப்பல்காரர் பரம்பரை

திண்டிவனத்தில் பங்காளி விருத்தாசலம் கட்டிய மூன்று மாடி வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு, விழுப்புரத்திலிருந்து சேட்டு வயிற்றெரிச்சலோடுதான் கிளம்பினார். பங்காளி வீடு, போகாமல் இருக்க முடியாது. தவிர, மகள் கலைப்பிரியாவைத் தம் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டுப் போன ஒலக்கூர் செல்வகுமாரையும் அவரே அங்கு வரச் சொல்லியிருந்தார்.

"எங்க பங்காளி வூட்டை ஒரு தபா வந்து பாருங்க. எங்க குடும்பம் எப்படின்னு தெரியும்."

பெருமையைப் பங்காளியிடம் இரவல் வாங்கி மகளுக்குப் பூட்டும் திட்டம்.

வாசலில் பதினைந்தடி பேனர். 'கடல் கடந்து வணிகம் செய்த கப்பல்காரர் பரம்பரை' என்ற எழுத்துக்குக் கீழே பூட்டனார் கோட்டும் தலைப்பாகையுமாய் நின்றார். பூட்டனாருக்குப் படமே கிடையாது. பேனர் கடைக்காரர் கம்ப்யூட்டரில் பெற்றெடுத்தவர் அவர். விருத்தாசலத்தின் முகம் பூசணிக்காய் அளவு. சேட்டுவின் முகம் கடைசி வரிசையில், பந்தல்காரர் விளம்பரத்தின் ஓரம், எலுமிச்சை அளவு.

"நம்ம மூஞ்சி எங்கங்க?" என்று தேடிய மனைவி தனம், "ஆங், கெடக்குது" என்றாள்.

உள்ளே செல்வகுமார் ஒவ்வோர் அறைக்கும் ஓர் "அடேயப்பா" போட்டார். ஆறாவது அடேயப்பாவில் சேட்டுவுக்குக் காது எரிந்தது. அந்த நேரம் பார்த்து விருத்தாசலம், "மூத்த பங்காளி நாலு வார்த்தை வாழ்த்தட்டும்" என்று மைக்கைக் கொடுத்தார்.

"மானம் கப்பலேறிப் போச்சுன்னு சொல்றோமே, இன்னா அர்த்தம்? குடும்பப் பேரு கெட்டு, கடல் தாண்டியும் நாறிப் போச்சுன்னு. அது எப்படி வந்துச்சு தெரியுமா? வாசல் பேனர்ல கோட்டு போட்டுக்கினு நிக்கிறாரே, இவராலதான்! வணிகமாவது ஒண்ணாவது. கூலிக்கு ஆள் புடிக்கிற கங்காணி பின்னால கோவணத்தோட பினாங்குக்கு ரப்பர் பால் எடுக்கப் போனாரு. இவன் வூட்டு மானம் கப்பலேறிடுச்சுன்னு நம்ம சொந்த ஊரு கெடாரே சிரிச்சுது. அன்னியிலேர்ந்துதான் அந்தப் பேச்சு!"

தமிழுக்கே ஒரு சொல்வழக்கை வழங்கியது தன் குடும்பம்தான் என்று சொல்லும்போது, சேட்டுவின் குரலில் கொஞ்சம் கர்வம்கூட ஏறியது. கூட்டம் சிரித்தது. விருத்தாசலம் தலை குனிந்தார். சேட்டுவின் நெஞ்சு குளிர்ந்தது.

தனம் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோவ், அவருக்குப் பூட்டன்னா உனக்கு யாரு? சம்மந்தி எதுத்தாப்ல குந்திக்கினு இருக்காரு."

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

பந்தியில் சேட்டு செல்வகுமாரை ஒட்டி உட்கார்ந்தார். "சும்மா தமாசுக்கு..."

"எங்க தாத்தாவும் கூலிக்குக் கப்பலேறினவருதாங்க. அதுல இன்னா கேவலம்? பொண்ணு புடிச்சிருக்குது. பேச்சுல மாத்தம் இல்ல."

சேட்டுவுக்குப் போன உயிர் திரும்பியது.

"ஒண்ணுதான். நீங்க அவ்ளோ பேசியும், உங்க பங்காளி அவரு கையாலயே உங்க இலையில ஸ்வீட் வெச்சாரு. நிச்சயத்துல அவரே முன்ன நின்னு தட்டு மாத்தட்டும். நீங்க பக்கத்துல இருந்தா போதும்."

பெண்ணின் தகப்பன் உயிரோடிருக்க, தட்டைப் பங்காளி மாற்றுவதா? சேட்டு வாயைத் திறப்பதற்குள் தனம் முந்திக்கொண்டாள்.

"அப்படியே ஆகட்டுங்க சம்மந்தி."