கரடிக்கு வாய் கிடையாது

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டும் கரடி ஒரு பொம்பளை என்பது, துர்காதேவியின் கணக்குப்படி, இந்தக் காஞ்சிபுரத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். ஒன்று, கரடிக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும் அவள். இன்னொன்று, வேலைக்கு வைத்த முதலாளி கலியாணசுந்தரம். மூன்றாவது ஆள் தப்ரேஸ் பாய், கடைப் படியோரம் நூல்பெட்டியோடு உட்கார்ந்து புடவைக்குக் குஞ்சம் முடிந்து கொடுப்பவர். ஐயம்பேட்டையில் தறி நெய்யும் அவள் புருஷன் சிவராஜிடம்கூட அவள் சொல்லவில்லை. ஏசி ஹாலில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிற வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். ரோட்டில் நின்று வேஷம் கட்டி ஆடுகிறாள் என்று தெரிந்தால் நாத்தனார் ஒருத்தி போதும், ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவாள்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெளியே கரடி சிரித்தபடி நிற்கும், உள்ளே அவள் இஷ்டத்துக்குப் பாட்டுப் பாடுவாள், பிடிக்காத ஆளைப் பார்த்தால் நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டுவாள். கவுன்சிலர் வேணுகோபால் வெள்ளை வேட்டியோடு நடந்து போகும்போதெல்லாம் அவருக்கு ஒரு ஸ்பெஷல் பழிப்பு உண்டு. குடிநீர் இணைப்புக்குக்கூடக் கை நீட்டுகிற மனுஷன் அவர். முதலாளி முதல் நாளே கண்டிஷன் போட்டிருந்தார். "இன்னா நடந்தாலும் பேசக்கூடாது. கரடிக்கு வாய் கெடையாது, புரிஞ்சுதா?"

அப்படிப்பட்ட கவுன்சிலர் ஒரு அமாவாசை சாயங்காலம், தான் கட்டிக்கொண்டிருந்த காம்ப்ளெக்ஸின் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனார். விழவில்லை, தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றது போலீஸ். நாலரை மணி என்று நேரமும் சொன்னது. மறுநாள் காலையில் தப்ரேஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காரணம் இல்லாமல் இல்லை. செத்த அன்று காலையில்தான் வேணுகோபால், பிளாட்பாரத்தை அடைக்கிறான் என்று தப்ரேஸின் நூல்பெட்டியை எட்டி உதைத்திருந்தார். சாக்கடையில் மிதந்த பட்டுநூலைப் பார்த்து, "நீ நல்லாவே இருக்கமாட்ட" என்று தப்ரேஸ் பத்துப் பேர் கேட்கக் கத்தியிருந்தார். போலீஸுக்கு அது போதாதா?

துர்கா மட்டும் அதை நம்பவில்லை. ஏனென்றால் அந்த நாலரை மணிக்கு தப்ரேஸ் எங்கே இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அன்று கடை வாசலில் அமாவாசைப் பூசணிக்காய் உடைத்து முடித்ததும், ஒரு வாண்டு கரடியின் இடது காதைப் பிடித்துத் தொங்கிப் பாதி கிழித்துவிட்டது. கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் மூலையில் அவள் தலையைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார, தப்ரேஸ் நாலு மணியிலிருந்து ஐந்து வரை அந்தக் காதைத் தைத்துக் கொடுத்தார். சாக்கடைக்குத் தப்பிய அரக்கு நிறப் பட்டுநூல் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. சிவராஜ் கட்டிக் கொடுத்த வடையை இரண்டு பேரும் பிய்த்துத் தின்றார்கள். அமாவாசைக்குத் தறிக்கு லீவு, அன்றைக்கு சிவராஜ்தான் சமையல்.

"சிவராஜு வடைய நல்லா சுடுறாரும்மா. அவராண்ட சொல்லிடேன், எத்தினி நாளைக்கு மறைப்ப?"

"ஐயோ பாய், நீங்களும் யாராண்டயும் சொல்லிடாதீங்க."

"அல்லா மேல ஆணை, சொல்லமாட்டேன்."

அந்த ஆணையை மனுஷன் ஸ்டேஷனிலும் காப்பாற்றினார் என்பதுதான் கொடுமை. கரடிக்குக் காது தைத்துக்கொண்டிருந்தேன் என்றாராம். உள்ளே யார் என்று கேட்டதற்கு, தெரியாது என்றாராம். கரடி வந்து சாட்சி சொல்லுமா என்று கேட்டு ஸ்டேஷனே சிரித்ததாம். முதலாளியை விசாரித்தபோது, அன்றைக்குக் கரடிக்கு லீவு என்று கூசாமல் சொல்லிவிட்டார். கடைப்பேர் கேசில் வந்தால் முகூர்த்த வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் கவலை. தப்ரேஸை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேராகப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். துர்காவுக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனை வந்தது. தள்ளிவிட்டவன் யார் என்று தானே கண்டுபிடித்துவிட்டால், முகத்தைக் காட்டாமலே பாயைக் காப்பாற்றிவிடலாம் இல்லையா? கரடி முன்னால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. மறுநாளிலிருந்து கரடி கொஞ்சம் கொஞ்சமாக வாசலை விட்டு நகர்ந்தது. டீக்கடை பெஞ்சோரம் நின்று ஆடியது. ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் போய்க் கைகுலுக்கியது. பந்தோபஸ்து போலீஸ்காரர் தோளில் கைபோட்டு போட்டோவுக்கு நின்றது. நாலு நாளில் அவள் காதில் விழுந்ததெல்லாம் ஒரே பேர், உதயகுமார். வேணுகோபாலின் மச்சான், வீட்டுமனை புரோக்கர். காம்ப்ளெக்ஸில் பாதிப் பங்கு அவனுடையது, அடுத்த கவுன்சிலர் சீட்டும் அவனுக்குத்தான் என்று பேச்சு. காதும் காதும் வைத்த மாதிரி எல்லோரும் சொன்னார்கள், போலீஸிடம் வாயைத் திறந்து ஒருத்தரும் சொல்லவில்லை. அட, ஊர் என்றால் இப்படியா இருக்கும்!

ஐந்தாம் நாள் மதியம் தப்ரேஸின் மனைவி நிக்கத் வந்தாள். கறுப்பு புர்கா, கையில் பழைய நூல்பெட்டி. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் நேராகக் கரடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நீ யாரோ எனக்குத் தெரியாது. உன் காதத் தெச்சேன்னு அவரு சொல்றாரு. எங்க வூட்டுக்காரரு பொய் பேசமாட்டாரு. ஒரு வார்த்த வந்து சொல்லுப்பா, கால்ல வேணா வுழறேன்."

நிக்கத் எட்டி அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தாள். அரக்குத் தையலைப் பார்த்ததும் புருஷனின் கைவேலை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. துர்கா உள்ளே அழுதாள். கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை, கை வெளியே கரடிக்கையாக இருந்தது. அந்தப் பெரிய கையால் நிக்கத்தின் தோளைத் தட்டினாள். அதைத் தவிர அவளால் ஒன்றும் முடியவில்லை. தன் மேலேயே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

நிக்கத் எதிர்ப்பக்கம் போய் நிழலில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கூடவே உதயகுமார், காம்ப்ளெக்ஸைச் சுற்றிக் காட்டிவிட்டு வருகிறவன். முதலாளி ஓடிவந்து வாசலிலேயே நாற்காலி போட்டு, குளிர்பானம் வரவழைத்தார். இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்துக்கொண்டு, "சம்பிரதாயத்துக்கு உங்ககிட்டயும் ஒரு வார்த்தை எழுதிக்கிடணும். அன்னைக்கு நாலரைக்கு எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

உதயகுமார் ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னான். "பிள்ளையார்பாளையத்துல சார், தறி வூட்ல. எம் பொண்ணு முகூர்த்தப் பொடவ ஓடிக்கினு இருந்துது. நாலுலேருந்து ஆறு வரிக்கும் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தேன். என் கண்ணு முன்னாலதான் முந்தான ஓடி முடிஞ்சுது."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். முதலாளிக்கு இருமல் வந்தது. டீக்கடைக்காரர் சரத்குமார் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்தினார். புடவை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். வீட்டுமனையைத் தவிர வேறெதுவும் தெரியாத உதயகுமாருக்குத் தான் உளறியது உறைக்கவில்லை. அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும், அமாவாசை அன்று எந்த நெசவுக்காரனும் தறியில் உட்காரமாட்டான். தெரிந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

"அன்னிக்கு அமாவாச சார்."

"யாரு பேசுனது?" இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார்.

"நான்தான் சார். கரடி." ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்த முடியாது. "அமாவாசைக்கு எந்தத் தறியும் ஓடாது சார். எங்க வூட்லயும் ஓடல. அந்த நேரத்துல தப்ரேஸ் பாய் எனக்குக் காது தெச்சிக்கினு இருந்தாரு."

"தலையைக் கழத்து."

கரடித்தலை கனமாகத்தான் இருக்கும். அன்று அது தேர்ச்சக்கரம் போலக் கனத்தது. கழற்றியதும் காற்று முகத்தில் பட்டது, அப்பாடா என்று இருந்தது. ரோடு முழுவதும் அவளைப் பார்த்தது. "நாளையிலருந்து வராத" என்று முதலாளி பல்லைக் கடித்தார். உதயகுமார், "சொம்மா வேஷம் கட்ற பொம்பள பேச்சையெல்லாம்..." என்று எழுந்தான்.

"அது சொல்றது நெசம் சார்," என்றார் சரத்குமார், டீக்குவளையைக் கீழே வைத்துவிட்டு. "அமாவாசைக்கு ஓடாது." புடவை மடித்த பெண்களில் ஒருத்தி, "கடைல பூசணிக்கா ஒடச்சோமே சார் அன்னிக்கு," என்றாள். இன்னொருத்தி, "கரடிக்கு லீவெல்லாம் இல்ல, இங்கதான் இருந்துது," என்றாள். அதற்கப்புறம் யார் எதைச் சொன்னார்கள் என்றே பிரிக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதியதை அடித்துவிட்டு உதயகுமாரைப் பார்த்தார். "நாற்காலிலே உக்காருங்க. எந்தத் தறி வீடு, விலாசம் சொல்லுங்க."

துர்கா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது வெயில் இறங்கியிருந்தது. உடம்பில் இன்னும் கரடிதான். விஷயம் தெரிந்து சிவராஜ் டிவிஎஸ்ஸில் வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். அவள் தயங்கித் தயங்கிக் கிட்டே போனாள்.

"உங்களாண்ட சொல்லணும்னுதான்..."

"நாலு மாசமா தெரியும்," என்றான் அவன். அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த ஒரு பழுப்பு இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "தெனமும் இது உன் தலையில இருக்குது. பட்டும் இல்ல, பருத்தியும் இல்ல, நைலான். தறிக்காரன் பொண்டாட்டி நூல மறைக்க முடியுமா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். சந்தோஷமாத்தான வூட்டுக்கு வர, அப்பால இன்னா?"

துர்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வேலை போயிற்று, உதயகுமார் சும்மா விடுவானா தெரியாது, பாய் எப்போது வெளியே வருவார் என்று இன்ஸ்பெக்டரும் சொல்லவில்லை. இருந்தும் மனசு லேசாக இருந்தது. கரடித்தலையை எங்கே வைத்தோம் என்று திரும்பிப் பார்த்தாள்.

ஸ்டேஷன் படியில் நிக்கத் உட்கார்ந்திருந்தாள். கரடித்தலையை மடியில் வைத்து, இடது காதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அரக்கு நூலில் போட்ட ஒவ்வொரு தையலையும் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள்.