இன்னாக்கா

ஹரிஹரனுக்கு ரெண்டு பாஷை. டைல்ஸ் ஒட்ட வீடு பார்க்கப் போனால், "வாங்க சார், என்ன கலர் வேணும்னு சொல்லுங்க" என்று அவ்வளவு பதவிசாகப் பேசுவான். இன்னொன்று அவனுடைய சொந்த பாஷை. அது அக்கா ஜோதிலட்சுமிக்கு. அணுபுரம் குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாக்கா, நாஸ்தா இன்னா கீது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். எதிர்வீட்டு ஜன்னலில் தலை தெரியும். ஜோதிலட்சுமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும், உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருக்கும். மன்னார்குடிக்காரரைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்கு வந்த பிறகு அவளே 'இன்னா'வை விட்டுவிட்டு 'என்ன'வுக்கு மாறியிருந்தாள். தம்பி வந்தால் மட்டும் பழைய பேச்சு தன்னால் வந்துவிடும்.

அப்படிப்பட்ட தம்பியை ஒரு வீடியோ கேமராவுக்காகத் தொலைத்தாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நடந்தது அதுதான்.

கேமரா அவள் புருஷன் ராஜாராமுடையது. பக்கத்து அணு ஆராய்ச்சி மையத்தில் ஆபீசர். சிங்கப்பூரிலிருந்து அவருடைய அண்ணன் வாங்கி வந்தது என்பதால் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார். ஒரு ஆயுத பூஜைக்கு அதைத் திருப்போரூருக்கு, ஹரிஹரனின் டைல்ஸ் கடைக்குக் கொண்டுபோயிருந்தார். அவன் டைல்ஸ் வெட்டும் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தான், தராசுக்கு வைத்தான், போகிற போக்கில் கேமராவின் திரையைத் திறந்து அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டான். இதுவும் ஆயுதம்தானே மாமா என்றான். ராஜாராமுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வீட்டுக்கு வந்து தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றித் துடைத்தார், சுரண்டினார், ஊதினார். மேலே இருந்தது போயிற்று. திரை மடங்குகிற இடுக்கில் இறங்கி ஒட்டிக்கொண்டது போகவேயில்லை.

இரண்டாயிரத்து ஏழில் மகள் பிரதீபாவுக்குத் திருப்போரூர் முருகன் கோயிலில் காது குத்துவது என்று நாள் குறித்தார்கள். அதற்குள் புது மாடல் கேமரா வாங்க வேண்டும், பழையதை இன்டர்நெட்டில் விற்றுவிடலாம் என்று ராஜாராம் முடிவு செய்தார். வாங்குகிறவன் பணத்தை வெப்சைட் கம்பெனியிடம் கட்டிவிடுவான், பொருள் ஒழுங்காக வந்து சேர்ந்தது என்று அவன் சொன்ன பிறகுதான் கம்பெனி அதை நமக்கு விடும், எவ்வளவு பத்திரம் பார் என்று மனைவிக்குப் பெருமையாக விளக்கினார். பத்திரம்தான். யாருக்குப் பத்திரம் என்பது மனுஷருக்கு அப்போது தெரியவில்லை.

வடக்கே ஏதோ ஊரிலிருந்து ஒருத்தன் வாங்கினான். ராஜாராம் கேமராவை அட்டைப்பெட்டியில் வைத்தார். ஆடாமல் இருக்க, ஜோதிலட்சுமி பழைய தினசரித் தாள்களைக் கசக்கிக் கசக்கிச் சுற்றிலும் திணித்தாள். அவர் டேப் ஒட்டினார். அந்த நேரம் பார்த்து ஹரிஹரன் வந்தான். புதுப்பட்டினம் வழியாகத்தான் போகிறேன், கூரியரில் நானே போட்டுவிடுகிறேன் என்று அவனாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கூரியர் கடை மூடியிருந்தது, பெட்டி ராத்திரி வண்டியிலேயே இருந்தது, காலையில்தான் போட்டேன் என்று மறுநாள் அவனே போன் பண்ணிச் சொன்னான். மடியில் கனமில்லாதவன், சொன்னான்.

வாங்கினவனிடமிருந்து புகார் வந்தது. பெட்டியில் கேமரா இல்லையாம், டைல்ஸ் துண்டுகள்தான் இருந்தனவாம். போட்டோவும் அனுப்பியிருந்தான். வெள்ளை டைல்ஸ் துண்டுகள், சுற்றிலும் கசங்கிய தமிழ்ப் பேப்பர். ராஜாராம் மெயில் மேல் மெயில் எழுதினார். கேமராவைத்தான் உள்ளே வைத்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கம்பெனி கேட்டது. கூரியர் ரசீதில் இருந்த எடையும் டைல்ஸின் எடையும், வாங்கின படுபாவி பார்த்துப் போட்டது போல, ஒத்துப்போயிற்று. கம்பெனி அவன் பணத்தை அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது.

ராஜாராம் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கம்ப்யூட்டரில் அந்தப் போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு, அமைதியாக மனைவியைக் கூப்பிட்டார்.

"நான் யாரையும் சொல்லலை ஜோதி. தமிழ்ப் பேப்பரும் டைல்ஸும் வடக்கத்தியானுக்கு எங்கேர்ந்து கிடைச்சிருக்கும்? நீயே யோசி."

அவள் யோசித்தாள். யோசித்ததுதான் தப்பு. தாளைக் கசக்கித் திணித்தது தன்னுடைய கைதான் என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பெட்டி ஒரு ராத்திரி தம்பி வண்டியில் இருந்தது ஞாபகம் வந்தது. அந்த வாரம்தான் அவன் புது செல்போனோடு வந்து நின்றான், அதுவும் ஞாபகம் வந்தது. சின்ன வயசில் அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து எடுத்து மிட்டாய் வாங்கித் தின்று உதை வாங்கினான், பாருங்கள், அதெல்லாம்கூட வரிசையாக வந்தது. சந்தேகத்துக்கு இருக்கிற ஞாபக சக்தி பாசத்துக்கு ஏது?

ஹரிஹரன் வந்தான். ஒன்றும் தெரியாது அவனுக்கு. "இன்னாக்கா, மூஞ்ச தூக்கி வெச்சினுகீற" என்று உட்கார்ந்தான். அவள் தோசை வார்த்துப் போட்டாள். ரெண்டாவது தோசையைத் தட்டில் வைக்கும்போது, அடுத்த அறைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குனிந்து, அவன் நன்மைக்குத்தான் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"டேய், நீ எடுத்திருந்தா குடுத்துடுடா. மாமா கையில நான் சொல்லிக்கிறேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. எதைக்கா என்றான். அவள் போட்டோ, டைல்ஸ், பேப்பர் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மறுத்துப் பேசவில்லை, சத்தியம் பண்ணவில்லை. கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டிலேயே வைத்தான். எழுந்து போய்க் கை கழுவினான். "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினான். அவன் பேசாமல் போனதையே அவள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். என்ன சொல்வது அந்தப் புத்தியை!

காது குத்துக்கு அவன் வருவானோ மாட்டானோ என்று அவள் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்மாமன் மடி காலியாக இருந்தால் ஊர் வாயை யார் மூடுவது? வந்துவிட்டான். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, தோடு, பழத்தட்டு என்று ஒரு குறை வைக்காமல் சீர் கொண்டுவந்து இறக்கினான். பிரதீபாவை மடியில் வைத்துக்கொண்டான். ஊசி இறங்கும்போது வீறிட்ட குழந்தையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, காதில் ஊதிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் குழந்தையை அக்கா கையில் கொடுத்தான்.

"எல்லாம் சரியா இருக்குங்களா? வேற ஏதாவது வேணுமா?"

தனக்குப் பின்னால் நிற்கிற யாரையோ கேட்கிறான் என்று ஜோதிலட்சுமி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

பந்தியில் இலை போட்டாகிவிட்டது. தாய்மாமனுக்குத்தான் முதல் இலை. சின்னம்மா எல்லம்மாள் எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். கடையில் வேலை இருக்கிறது என்று சிரித்தபடியே கையை விடுவித்துக்கொண்டு, கை நனைக்காமல் போய்விட்டான். மாமன்காரன் கை நனைக்காமல் போகிறானே, என்னடி நடந்தது என்று சின்னம்மா கேட்டாள். ஜோதிலட்சுமி குழந்தையின் காதைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டாள். அதற்கப்புறம் அணுபுரத்துத் தெருவில் அந்தச் சத்தம் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜாராம் அதே வெப்சைட்டில் மலிவாக வேறு கேமரா தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று ஜோதி ஜோதி என்று கூப்பிட்டார். அவருடையதைப் போலவே ஒரு கேமரா, வேறு பெயரில் எவனோ விற்கிறான். திரையைத் திறந்து வைத்து எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். மடிப்பின் இடுக்கில், ஓரமாக, மஞ்சளும் சிவப்புமாக ஒரு கோடு.

அந்தச் சந்தனம், அந்தக் குங்குமம். வாங்கினவனே கேமராவை எடுத்துக்கொண்டு, இவள் கசக்கித் திணித்த தாளுக்கு நடுவிலேயே டைல்ஸை வைத்து போட்டோ எடுத்திருக்கிறான். இந்த உலகத்தில் டைல்ஸ் திருப்போரூரில் மட்டுமா விற்கிறது? இது ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை? அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ராஜாராம் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தார், கம்பெனிக்கு எழுதுவதற்காக. ஹரி வீட்டுக்கு நீங்களும் வாங்க, ரெண்டு பேருமாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்றாள்.

"நான் எதுக்கு? அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை கேட்டேனா ஜோதி? கேட்டது நீதானே" என்றார்.

அவளுக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லையே.

பிரின்டில் ஒன்றை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தனியாகவே பஸ் ஏறித் திருப்போரூரில் இறங்கினாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். அவன் கத்துவான். போக்கா நீயும் உன் கேமராவும் என்று திட்டுவான். திட்டட்டும், காலில் விழுந்தாவது சமாதானம் பண்ணிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

கடையில் ஹரிஹரன் மட்டும்தான் இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க. உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. காகிதத்தைப் பிரித்து அவன் கையில் திணித்தாள். பழைய பாஷையில், மூச்சு விடாமல், எல்லாவற்றையும் கொட்டினாள். "பாருடா, நீ வெச்ச பொட்டுடா இது. நான்தான் பைத்தியக்காரி மாதிரி கேட்டுட்டேன். நாலு வார்த்தை திட்டுடா" என்று அழுதாள்.

அவன் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். குங்குமத்தின் மேல் கட்டைவிரலை ஒரு தரம் ஓட்டினான். பிறகு, வந்த மடிப்பிலேயே மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

"நல்லதாப் போச்சுங்க. சாருக்குக் கேமரா திரும்பக் கெடைச்சா சந்தோஷம்."

சார்! மாமா என்று கூப்பிட்ட வாய்.

"அக்கான்னு கூப்பிடுடா" என்றாள்.

அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது பேசியிருப்பாள். "வெயில்ல வந்திருக்கீங்க. என்ன சாப்பிடுறீங்க, டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டான். டைல்ஸ் பார்க்க வருகிற ஆபீசர் வீட்டு அம்மாக்களிடம் கேட்பானே, அதே மாதிரி, ஒரு இம்மிகூடக் குறையாத மரியாதையோடு. ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவள் படி இறங்கினாள். பார்த்துப் போங்க என்றான்.

ரோட்டைக் கடக்கப் போனவளுக்குப் பின்னால் கடையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. தெருவுக்கே கேட்கிற சத்தம்.

"இன்னா... இப்பதான் வரியா?"

சட்டென்று திரும்பினாள். மேஸ்திரி ஒருத்தர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போய்க்கொண்டிருந்தார். ஹரிஹரன் அவர் தோளில் கையைப் போட்டு என்னவோ சொல்லிச் சிரித்தான். ஜோதிலட்சுமி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.