பெரிய மாப்பிள்ளையின் புளிப்பு வைத்தியம்

மாமனாரின் பண்ணையில் இரண்டு கறிக்கோழிக் கொட்டகைகள். ஒன்று பெரிய மாப்பிள்ளையின் பொறுப்பு, மற்றது சின்ன மாப்பிள்ளையின் பொறுப்பு. புதிதாக மூன்றாவது ஒன்றும், ஆள் உயர மின்விசிறிகளோடு, எழும்பி நின்றது. அது யாருக்கு என்று மாமனார் வாயைத் திறக்கவில்லை. மூத்த மகளைக் கட்டியவர் என்ற உரிமையில் பெரியவர் மனசுக்குள் அதில் குடியேறியே விட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தீவன மருந்துக் கம்பெனிக்காரர் வந்து சேர்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை, வாயெல்லாம் பல்.

"இந்த ஆசிட் பவுடரைத் தீவனத்துல கலந்தா கோழி குடல்ல கெட்ட கிருமி தங்காதுங்க. தின்னது நல்லா செரிக்கும், எடை ஏறும். ஒரு கொட்டகையில கலப்போம், இன்னொண்ணுல கலக்க வேண்டாம். எது நல்லா வருதுன்னு நீங்களே பாருங்க."

மாமனார் யோசித்தார். "சரி. எந்தக் கொட்டகை நல்லா வருதோ, அதைப் பார்த்துக்கிட்டவருக்கே புதுக் கொட்டகை."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் பவுடர் மூட்டையைத் தோளில் தூக்கியிருந்தார். சின்னவர் பாவம், வெறுங்கையோடு தன் கொட்டகைக்குப் போனார்.

அன்றிலிருந்து பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. முடிவெட்டப் போன இடத்திலும் குடலைப் பற்றித்தான் பேச்சு. கோழிக்கு அடியில் பரப்பிய உமி ஈரமாகிக் கட்டி தட்டியது. கிளறிவிட வேண்டாமா என்று மனைவி கேட்டாள். "அதையெல்லாம் ஆசிட் பார்த்துக்கும்" என்றார். மூச்சு முட்டுகிறதே, காற்று வர பக்கவாட்டுப் படுதாவைக் கொஞ்சம் தூக்கிவிடக் கூடாதா என்றாள். அதையும் ஆசிட்டே பார்த்துக்கொள்ளுமாம். ஆசிட்டுக்குக் கை கால் மட்டும் முளைத்திருந்தால் இவர் வீட்டோடு படுத்தே கிடந்திருப்பார்.

இதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பார். கம்பெனிக்காரர் போகும்போது ஒரு கேனையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். "இது தண்ணில ஊத்துறது. இப்போ தொடாதீங்க, தீவனத்துல இருக்கிறதே போதும். பின்னாடி தேவைப்பட்டா நான் வந்து அளவு சொல்றேன்" என்று படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் பெரியவர், டாக்டர் ஒரு மாத்திரை எழுதினால் இரண்டாக விழுங்கிவிட்டுச் சீக்கிரம் குணமாகிவிட்டதாகப் பெருமையடிக்கிற பேர்வழி. கேனைத் திறந்தார். நாள் தவறாமல் மக்கில் மொண்டு மொண்டு தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினார்.

கோழிகள் அலகை நனைத்தன, தலையை உதறின, ஒதுங்கி நின்றன.

"பார்த்தியா, தலையாட்டுது. பிடிச்சிருக்கு" என்றார் மனைவியிடம்.

"ஏங்க, அதுங்க சரியாக் குடிக்கவே இல்லைங்க. தண்ணி குடிக்காத கோழி தீனியும் எடுக்காது. கொஞ்சம் வாயில விட்டுத்தான் பாருங்களேன்."

"இது விஞ்ஞானம்டி. வாயில விட்டுப் பார்க்க இதென்ன குழம்பா?"

அப்பா முன்னால் புருஷன் தலைகுனிந்துவிடக் கூடாதே என்று தினமும் சொல்லிப் பார்த்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எடை போடும் நாள் வந்தது. சின்னவரின் கோழிகள் கொழுகொழுவென்று தராசில் உட்கார்ந்தன. பெரியவரின் கோழிகள் ஏறியபோது, தராசுதான் கெட்டுப்போயிற்றோ என்று மாமனார் அதைத் தட்டிப் பார்த்தார்.

கம்பெனிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சமாளித்துக்கொண்டார். "காத்து அந்தப் பக்கமா அடிச்சிருக்குங்க. நம்ம ஆசிட் வாசம் சின்னவர் கொட்டகைக்குப் போயிருக்கு. வாசத்துக்கே இந்த வளர்ச்சின்னா பார்த்துக்கோங்களேன்!"

மாமனார் நேராகப் பெரியவரின் கொட்டகைக்குள் நுழைந்தார். தண்ணீர்த் தட்டுகளெல்லாம் நிரம்பி வழிந்தன. பக்கத்தில் ஒரு கோழி இல்லை. ஒரு டம்ளரை எடுத்துத் தொட்டிக் குழாயில் பிடித்தார், முகர்ந்தார், மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"குடிங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சகலையும் பார்த்துக்கொண்டிருந்தார், அதுதான் பெரியவருக்குத் தாங்கவில்லை. ஒரே மூச்சில் குடித்தார். பல் கூசி, காது வரைக்கும் சூடேறியது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு மாமா."

"அப்படியா? அப்போ இன்னொரு டம்ளர் குடிங்க."

இரண்டாவது டம்ளர் நிரம்பியது. கம்பெனிக்காரர் கூரையை ஆராய ஆரம்பித்தார். பெரியவர் வாயில் வைத்தார். கண்ணில் நீர் தளும்பியது. பாதியில் மனைவி பாய்ந்து வந்து டம்ளரைப் பிடுங்கி வீசினாள்.

"போதும்ங்க! கொட்டகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

அவள் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு வீராப்பு இறங்கியது.

"புளிக்குது மாமா" என்றார் மெல்ல. "தாங்க முடியலை. கம்பெனிக்காரர் வேண்டாம்னுதான் சொன்னார், நான்தான் ஊத்தினேன். வாயில விட்டுப் பாருங்கன்னு இவ சொன்னதையும் கேக்கலை."

மாமனார் கோபப்படவில்லை. தோளில் கைவைத்தார்.

"என் பொண்ணு சொன்ன அன்னிக்கே ஒரு மடக்கு குடிச்சிருந்தீங்கன்னா, மாப்பிள்ளை, புதுக் கொட்டகை இன்னிக்கு உங்களுது."

சொல்லிவிட்டு, சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு புதுக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.